சட்டப் படிப்புக்கு எத்தனை விண்ணப்பம்? எவ்வளவு செலவு?

பிள்ளையை வக்கீலுக்குப் படிக்க வைக்க வேண்டும் என்ற ஆசை நம் சமுதாயத்தில் கடந்த சில ஆண்டுகளாகக் கூடியிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், நல்ல மாற்றம். முன்பெல்லாம் டாக்டர், இன்ஜினியர் என்று மட்டுமே பேசிக் கொண்டிருந்த வீடுகளில் இப்போது வக்ஃப் வழக்கு, குடும்ப நீதிமன்றம், குடியுரிமை என்று பேச்சு வருகிறது. 2025 வக்ஃப் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, ஆவணம் படிக்கத் தெரிந்த ஒரு வக்கீல் ஜமாஅத்தில் இல்லையே என்ற குறையைப் பல முத்தவல்லிகள் வாய்விட்டுச் சொல்கிறார்கள். ஒரு சமூகத்துக்குத் தேவையான கல்வியைச் சிலராவது கற்றே ஆக வேண்டும் என்பதை நம் ஃபுகஹாக்கள் பர்ளு கிஃபாயா என்றார்கள். அந்தப் பட்டியலில் இன்று சட்டக் கல்வியும் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆசை வந்த பிறகு அடுத்த கேள்வி வருகிறது. "ஹஜ்ரத், எத்தனை காலேஜுக்குப் போட்டு வைக்கலாம்? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும்?" இரண்டு விதமான பெற்றோர் இதைக் கேட்கிறார்கள். ஒருவர் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குப் பணம் கட்டிவிட்டு, எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் நிற்பவர். மற்றவர் மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் சட்டப் படிப்பைப் பற்றி விசாரிக்கவே தொடங்குபவர். முதலாமவருக்குப் பணம் போகிறது. இரண்டாமவருக்கு வாய்ப்பே போய்விடுகிறது.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்க மாணவர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே சட்டம் என்பது பட்டம் முடித்த பிறகு படிக்கும் படிப்பு. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அறிக்கை அனுப்பத் தனிக் கட்டணம் உண்டு. அதனால் அங்கே எட்டா, பத்தா என்று எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது. நம் நாட்டு முறை வேறு. இங்கே பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பம்தான். ஆகவே கல்லூரிகளை எண்ணாதீர்கள், வாசல்களை எண்ணுங்கள். தமிழ்நாட்டு மாணவர் ஒருவருக்குப் பயனுள்ள வாசல்கள் நான்கைந்துக்கு மேல் இல்லை.

வாசல்கள் எவை?

முதல் வாசல் கிளாட். 2008 முதல் நடக்கும் இந்தப் பொது நுழைவுத் தேர்வை இப்போது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்துகிறது. பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, போபால், நம் திருச்சி என இருபதுக்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு இந்த ஒரே தேர்வு, ஒரே விண்ணப்பம். கடந்த சில ஆண்டுகளாகக் கட்டணம் 4,000 ரூபாய். பட்டியலினம், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளோருக்கு 3,500. பிற்படுத்தப்பட்டோர் என்பதற்காகக் கட்டணச் சலுகை கிடையாது என்பதைக் கவனிக்கவும். 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். பிளஸ் டூவில் 45 சதவீதம் இருந்தால் போதும், வயது உச்சவரம்பு இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு சட்டப் படிப்பும் கிளாட் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறது, ஆனால் அங்கே தனியாகவும் பதிய வேண்டும்.

இரண்டாவது அய்லெட். டெல்லியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிளாட்டில் சேரவில்லை. தனக்கென ஒரு தேர்வு வைத்திருக்கிறது. கட்டணம் 3,500 ரூபாய் அளவில். ஒரே ஒரு கல்லூரிக்காகக் கட்டும் பணம் இது. கிளாட் பயிற்சித் தேர்வுகளில் மிக நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு இது தகும். நடுத்தரமாக எழுதும் பிள்ளை "போட்டுத்தான் பார்ப்போமே" என்று போட்டால் அந்த 3,500 ரூபாய் போனதுதான். பாடம் ஏறக்குறைய ஒன்று என்பதால் தனியாகப் படிக்க வேண்டியதில்லை என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

மூன்றாவது வாசலை நம் மக்கள் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அது தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். இங்கே நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். இதற்குள் இரண்டு கதவுகள். ஒன்று, சென்னையில் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளி. இதற்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய், பிளஸ் டூவில் 70 சதவீதம் வேண்டும். மற்றொன்று, இணைவு பெற்ற சட்டக் கல்லூரிகள். இதற்கு 500 ரூபாய், 45 சதவீதம் போதும். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இரண்டிலும் கட்டணம் பாதி. மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர், விழுப்புரம், ராமநாதபுரம், தேனி, காரைக்குடி என்று அரசு சட்டக் கல்லூரிகள் இப்போது மாநிலம் முழுக்க இருக்கின்றன. அத்தனைக்கும் அந்த ஒரே 500 ரூபாய் விண்ணப்பம். நம் மக்கள் அதிகம் வாழும் மாவட்டங்களில் பல, இந்தக் கல்லூரிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆண்டுக் கட்டணமும் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு.

அரசு சட்டக் கல்லூரி என்றால் இளப்பம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பொறுப்பேற்று, பின்னர் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்த ஃபாத்திமா பீவி படித்தது திருவனந்தபுரம் அரசு சட்டக் கல்லூரியில்தான்.

நான்காவது, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும். இவை தனித்தனி விண்ணப்பம், தனித்தனித் தேர்வு. விண்ணப்பங்கள் பொதுவாக ஆண்டின் முதல் மாதங்களில் வரும். கட்டணத்தை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக் கொள்ளலாம், கிளாட் அளவுக்கு இருக்காது. ஜாமியாவை 2011இல் சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கான தேசிய ஆணையம் சிறுபான்மை நிறுவனமாக அறிவித்தது. அதன்படி முஸ்லிம் மாணவர்களுக்கு 30 சதவீதமும், முஸ்லிம் பெண்களுக்கு 10 சதவீதமும், முஸ்லிம்களிலேயே பிற்படுத்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினருக்கு 10 சதவீதமும் ஒதுக்கப்படுகின்றன. அலிகர் என்றதும் "அவ்வளவு தூரமா?" என்று தயங்குபவர்கள், அலிகர் பல்கலைக்கழகத்துக்குக் கேரளாவில் பெரிந்தல்மண்ணா அருகே மலப்புரம் மையம் இருப்பதையும், அங்கே ஐந்தாண்டு பி.ஏ. எல்.எல்.பி. நடப்பதையும் அறிந்து கொள்ளட்டும். கோவையிலிருந்து பாலக்காடு வழியாகச் சில மணி நேரப் பயணம்தான். பெண் பிள்ளைகளை வட இந்தியாவுக்கு அனுப்ப மனமில்லாத பெற்றோர் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் இது என்பேன்.

ஐந்தாவது, தனியார் மற்றும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். இவற்றில்தான் எண்ணிக்கை கூடிக் கூடிப் பணம் கரைகிறது. உதாரணத்துக்கு சிம்பயாசிஸ் நடத்தும் ஸ்லாட் தேர்வுக்கு அண்மை ஆண்டுகளில் 2,250 ரூபாய். அதோடு நாம் விரும்பும் ஒவ்வொரு வளாகத்துக்கும் தனியாக 1,000 ரூபாய். புனே, நொய்டா, ஹைதராபாத், நாக்பூர் என்று நான்கையும் தட்டிவிட்டால் 6,250 ரூபாய். தமிழ்நாட்டிலேயே வண்டலூர் கிரசென்ட், தஞ்சை சாஸ்த்ரா போன்று சட்டப் படிப்பு நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. இவற்றுக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேடிக் கொள்ளுங்கள். ஐந்தாண்டுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் கடன் வாங்காமல் நம்மால் கட்ட முடியுமா? முடியாது என்றால் அந்த விண்ணப்பமே வேண்டாம். இடம் கிடைத்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டால் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கொண்டு "வேண்டாம்" என்று சொல்ல எந்தத் தந்தைக்கும் மனம் வராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கிளாட் 4,000, அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் இரண்டு விண்ணப்பங்கள் 1,500. ஆக 5,500 ரூபாயில் திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் முதல் ஊருக்குப் பக்கத்து அரசுக் கல்லூரி வரை எல்லாம் அடங்கிவிடுகிறது. அய்லெட்டையும் சேர்த்தால் 9,000. ஸ்லாட்டில் இரண்டு வளாகங்களையும் சேர்த்தால் 13,250. தேர்வு எழுதப் போய் வரும் செலவு தனி. கிளாட்டும் அய்லெட்டும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் வருவது வழக்கம். 2024இல் டிசம்பர் 1, 8. 2025இல் டிசம்பர் 7, 14. தென்கோடியிலிருந்து வருபவர்கள் இரண்டு முறை பெருநகரத்துக்குப் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

இந்தத் தொகைகளைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. பெரும்பணம் போவது விண்ணப்பத்தில் இல்லை. அதற்குப் பிறகுதான்.

கிளாட் முடிவு வந்ததும் கலந்தாய்வுக்குப் பதிய வேண்டும். அதற்கு அண்மை ஆண்டுகளில் பொதுப் பிரிவுக்கு 30,000 ரூபாய், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20,000 ரூபாய். இடம் ஒதுக்கப்பட்டால் அதை உறுதி செய்யவோ, அடுத்த சுற்றில் இன்னும் நல்ல இடத்துக்குக் காத்திருக்கவோ மேலும் 20,000 ரூபாய் அளவில் கட்ட வேண்டும். சேர்ந்தால் இவை கல்விக் கட்டணத்தில் கழியும். இடமே கிடைக்காவிட்டால் பதிவுத் தொகை திரும்பும். ஆனால் இடத்தை உறுதி செய்யக் கட்டிய பணம், மனம் மாறினால் திரும்பாது. இதெல்லாம் எப்போது நடக்கிறது? டிசம்பரில் தேர்வு, அதன் பிறகு சில வாரங்களிலேயே கலந்தாய்வு. பிள்ளை இன்னும் பிளஸ் டூ பரீட்சையே எழுதியிருக்காது. அந்த நேரத்தில் 40,000, 50,000 ரூபாய் கையில் வேண்டும். கெடுவோ சில நாட்கள்தான். நல்ல ரேங்க் வாங்கிய பிள்ளைகள்கூட இந்த இடத்தில் தடுக்கி விழுவதுண்டு. ஆகவே 4,000 ரூபாய் கட்டும்போதே இந்த 50,000 எங்கிருந்து வரும் என்பதை மஷூரா செய்து முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்தது விருப்பப் பட்டியல். கலந்தாய்வில் எந்தெந்தப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று வரிசைப்படுத்தச் சொல்வார்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று குவஹாத்தி, சிம்லா, ராஞ்சி, திரிபுரா வரை எல்லாவற்றையும் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு திரிபுராவில் இடம் விழுந்ததும், "அவ்வளவு தூரம் பெண்ணை எப்படி அனுப்புவது?" என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். அனுப்பப் போவதில்லை என்று தெரிந்த ஊரைப் பட்டியலில் சேர்ப்பது வீண். காசும் கெடுவும் மனநிம்மதியும் சேர்ந்தே போகும். மார்க்கம் இஸ்ராஃப் என்று சொல்வது சோற்றை வீணாக்குவதை மட்டுமா?

இன்னொன்றும் உண்டு. பல மாநிலங்களின் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் அந்தந்த மாநில மாணவர்களுக்கென ஒரு பங்கு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கெல்லாம் நம் பிள்ளைகள் அகில இந்திய இடங்களில் மட்டுமே போட்டியிட முடியும். திருச்சியில் நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டு மாணவர்களுக்கான இடங்களில், மாநில இட ஒதுக்கீட்டின்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கும் தனி இடங்கள் உண்டு. ஆகவே ரேங்க் சற்றுப் பின்தங்கியிருந்தாலும் திருச்சியைப் பட்டியலிலிருந்து விட்டுவிடக் கூடாது.

பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுச் செலவு 2 லட்சம் ரூபாயைத் தாண்டும். ஐந்து ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் வைத்துக் கொள்ளுங்கள். படித்து முடித்த மறுநாளே சம்பாத்தியம் தொடங்கிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பார் கவுன்சிலில் பதிய வேண்டும், அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். பதிவுக் கட்டணத்தில் மட்டும் இப்போது நிம்மதி. பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் வசூலித்து வந்ததை, 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியலின, பழங்குடியினரிடம் 125 ரூபாய்தான். ஆனால் நீதிபதியாக வேண்டும் என்ற கனவோடு வருபவர்கள் கவனிக்க வேண்டிய வேறொரு தீர்ப்பு, 2025 மே மாதம் வந்தது. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கியது. இளம் வக்கீலின் முதல் மூன்றாண்டு வருமானம் எப்படி இருக்கும் என்று ஊரில் உள்ள எந்த வக்கீலிடமும் கேட்டுப் பாருங்கள். ஆக, குடும்பம் தாங்க வேண்டியது ஐந்தாண்டு அல்ல, எட்டாண்டு. 10 லட்சம் ரூபாய்க் கல்லூரியா, அரசு சட்டக் கல்லூரியா என்ற முடிவை இந்த எட்டாண்டுக் கணக்கில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அப்படியானால் எத்தனை?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் நன்றாக வரும், பத்திரிகை படிக்கும் பழக்கமுள்ள பிள்ளையாக இருந்தால் நான்கு விண்ணப்பங்கள்: கிளாட், அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் இரண்டும், அலிகர் அல்லது ஜாமியா ஏதாவது ஒன்று. பயிற்சித் தேர்வுகளில் மிக உயர்ந்து நின்றால் ஐந்தாவதாக அய்லெட். தமிழ்வழியில் படித்து, ஆங்கில வாசிப்பு இன்னும் கைவராத பிள்ளைக்கு கிளாட்டைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அந்தத் தேர்வு முழுக்க ஆங்கிலத்தில் நீண்ட பத்திகளைப் படித்து விடை சொல்லும் தேர்வு. அப்படிப்பட்ட பிள்ளை பிளஸ் டூ மதிப்பெண்ணில் கவனம் வைத்து, 1,500 ரூபாயோடு அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் இரண்டு விண்ணப்பங்களைப் போட்டால் போதும். தனியார் கல்லூரியில் ஒன்று, வசதி இருந்தால். இரண்டாவது தனியார் கல்லூரிக்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் போட்டுவிட்டு "அல்லாஹ் மீது தவக்குல் வைத்துவிட்டேன்" என்று சொல்பவர்களும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்த செய்தியை இவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இஸ்திகாராவும் அப்படித்தான். கையில் இரண்டு வழிகள் இருக்கும்போதுதான் எது கைர் என்று கேட்டுத் தொழ முடியும்.

மதரஸா மாணவர்களுக்கு

ஆலிம் ஸனது வாங்கிய இளைஞர்கள் பலர் இப்போது சட்டம் படிக்க முன்வருகிறார்கள். அவர்களுக்கு ஏற்றது, பட்டம் முடித்த பின் சேரும் மூன்றாண்டு எல்.எல்.பி. இதிலும் அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் கணக்கு அதேதான்: சீர்மிகு சட்டப் பள்ளிக்கு 1,000, இணைவுக் கல்லூரிகளுக்கு 500, பட்டப்படிப்பு மதிப்பெண்ணே அளவுகோல். வெளி மாநிலம் போகத் தயாராக இருப்பவர்கள் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பையும் பார்க்கலாம். அதற்குத் தனித் தேர்வு.

ஆனால் விண்ணப்பிக்கும் முன் உங்கள் சான்றிதழ்களின் வரிசையைப் பாருங்கள். இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் 5ஆம் விதி தெளிவாக ஒன்றைச் சொல்கிறது. அடிப்படைத் தகுதி எதுவும் இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூவோ பட்டமோ பெற்றவர்கள் சட்டப் படிப்பில் சேர முடியாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்று வரிசையாக வந்தவர் அஞ்சல் வழியில் படித்திருந்தாலும் தடையில்லை. வரிசையைத் தாண்டிப் போய் பட்டம் வாங்கியவருக்குத்தான் சிக்கல். "வயசு ஆயிடுச்சு, நேரடியா டிகிரி போட்டுடலாம்" என்று யாரோ சொன்ன ஆலோசனையைக் கேட்டு நடந்தவர்கள், எம்.ஏ. வரை முடித்தும் சட்டக் கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். இப்போது ஓதிக் கொண்டிருக்கும் மாணவர்கள், மதரஸாவிலிருந்தபடியே பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் முறையாக எழுதி வைத்துக் கொள்ளட்டும்.

இமாமத் பணியில் இருந்துகொண்டே "வகுப்புக்குப் போகாமல்" எல்.எல்.பி. படிக்கலாம் என்று பக்கத்து மாநிலங்களின் பெயர் சொல்லி வரும் தரகர்களை நம்ப வேண்டாம். சட்டப் படிப்பில் அஞ்சல் வழியே கிடையாது. 70 சதவீத வருகை விதி. அதை மீறி வாங்கிய சான்றிதழோடு பார் கவுன்சிலில் நிற்கும்போது கேள்வி வரும். பொய்யான வருகைப் பதிவில் தொடங்கும் தொழிலில் பரக்கத்தை எதிர்பார்ப்பதும் முறையல்ல.

சான்றிதழும் பணமும்

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய பிரிவினருக்கு இது பொருந்தும். சான்றிதழில் வெறுமனே 'முஸ்லிம்' என்று இருந்தால் போதாது, பிரிவின் பெயர் வேண்டும். அகில இந்திய அளவில் ஓபிசி ஒதுக்கீடு கேட்பவர்களுக்கு மாநில அரசின் சாதிச் சான்றிதழ் மட்டும் செல்லாது. மத்திய அரசுப் பட்டியலில் தம் பிரிவு இருக்கிறதா என்று பார்த்து, கிரீமி லேயரில் வராதவர் என்ற ஓபிசி சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும். அக்டோபரில் அலைவதை விட ஜூலையில் வாங்கி வைத்துக் கொள்வது நல்லது.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்கல்வியில் 7.5 சதவீத முன்னுரிமை உண்டு. சட்டப் படிப்பும் அதில் அடங்கும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழையும் விண்ணப்பத்தோடு சேர்க்கவும்.

பணம் இல்லாதவர்கள் வங்கிக் கல்விக் கடனைப் பற்றிக் கேட்கிறார்கள். வட்டி இருக்கும் வரை அதை ஆகும் என்று சொல்ல என்னால் முடியாது. சிறுபான்மையினர் நலனுக்கென்று வரும் கடன்களிலும் குறைந்த விகிதமானாலும் வட்டி வட்டிதான். இதனால்தான் விருப்பப் பட்டியலைப் போடும்போதே நம் சக்திக்குள் போட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். ஏழை மாணவருக்கு ஜகாத்தைக் கொடுக்கலாம். எட்டுப் பிரிவினரில் ஃபகீரும் மிஸ்கீனும் முதலில் நிற்கிறார்கள், படிக்கிறார் என்பது அந்த உரிமையைக் குறைக்காது. ஆனால் பணத்தை அந்த மாணவரின் உடைமையாக்கிவிட வேண்டும். அவர் கட்டிக் கொள்ளட்டும், அல்லது அவர் அனுமதியோடு அவருக்காக நாம் கட்டலாம். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜகாத் பொருந்தாது. அவர்களுக்கு பைத்துல் மாலிலிருந்து கர்ளு ஹஸன். குறிப்பாக ஜனவரியில் திடீரென்று வரும் அந்தக் கலந்தாய்வுத் தொகைக்கு.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு கணக்கு. பத்துப் பிள்ளைகளுக்கு கிளாட், அம்பேத்கர் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் போட்டுக் கொடுக்க 55,000 ரூபாய். நம் ஊர்களில் ஒரு வலீமாவின் பிரியாணிச் செலவு இதைவிடக் கூடுதல்.

கடைசியாகத் தேதிகள். கிளாட் விண்ணப்பம் 2025இல் ஆகஸ்ட் 1 அன்றே திறந்தது, நவம்பர் முதல் வாரத்தோடு மூடிவிட்டது. ஆகவே பிளஸ் டூ வகுப்பு தொடங்கிய சில மாதங்களிலேயே முடிவெடுத்தாக வேண்டும். அம்பேத்கர் பல்கலைக்கழக விண்ணப்பம் பிளஸ் டூ முடிவையொட்டி மே மாதத்தில் வரும். கிளாட்டைத் தவறவிட்டவர்களுக்கு அந்த வாசல் அப்போதும் திறந்தே இருக்கிறது. தனியார் கல்லூரியில் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு, அதன் பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டிய பணம் போயிற்றே என்று விட்டுவிட வேண்டாம். 2024-25ஆம் கல்வியாண்டுக்கு யுஜிசி வெளியிட்ட உத்தரவில் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31 வரை விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமலும் திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது. சேரும் ஆண்டுக்கான உத்தரவைப் பார்த்துக் கொண்டு, எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, அதன் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைத் தங்களிடம் வைத்துக் கொள்ள எந்தக் கல்லூரிக்கும் உரிமையில்லை.